குவாட்டர்ஸ்காரன் விற்ற வீடு

தரகர் வேண்டாம் என்று நான் முடிவெடுத்தது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள். வடலூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடை. எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த தரகர், டம்ளரை ஆட்டிக்கொண்டே, "வூடு நல்ல வூடு சார். ஒரே ஒரு விஷயம். ஆளுங்க பாக்க வர்ற நேரத்துல அம்மாவ பக்கத்து வூட்ல ஒக்கார வெச்சிடுங்க. கண்ணு செரியில்லாதவங்க இருக்கிற வூடுன்னா ராசி அது இதுன்னு யோசிப்பாங்க," என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். என் பெண்டாட்டியை ஒளித்து வைத்துத்தான் ஒரு வீட்டை விற்க வேண்டுமா? நானே விற்றுக்கொள்கிறேன், போய்யா.

அன்று சாயங்காலமே ஒரு தகரப் பலகையில் 'வீடு விற்பனைக்கு, தரகர் அணுக வேண்டாம்' என்று எழுதி, கீழே போன் நம்பரைப் போட்டு, கேட்டில் கட்டினேன். மறுநாளிலிருந்து போன் வந்தது. பேசியவர்கள் எல்லாரும் தரகர்கள்.

என் பெண்டாட்டிக்குக் கண்ணில் அழுத்தம். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போய்க்கொண்டிருந்தது. ஓரப் பார்வை முதலில் போகும், நடுவில் இருப்பது கடைசியாகப் போகும், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து, அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஒரே மகள் மதுரையில் இருக்கிறாள். அவளுடைய தெருவிலேயே, மாடி இல்லாத ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. நாங்கள் போய்ப் பார்த்தோம், பிடித்திருந்தது. வடலூர் வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், தை மாதம் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் பொறுத்திருப்பதாகச் சொன்னார். அப்போது ஆனி.

அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "கண்ணு இருக்கும்போதே அந்த வீட்டப் பாத்துப் பழகிடணுங்க. சுவிட்ச் எங்க இருக்கு, படி எங்க இருக்கு, அடுப்பு எந்தப் பக்கம்னு ஒரு தடவ மனசுல ஏத்திக்கிட்டா போதும், அப்புறம் இருட்டானாலும் நடந்துக்குவேன். இருட்டான பிறகு போய் இறங்கினோம்னா, தெரியாத வீட்ல காலம் பூரா தடவிக்கிட்டே இருக்கணும்."

கடைக்குப் போய் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாங்கள் சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். எனக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை கிடைத்து நெய்வேலிக்கு வந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை. கல்யாணம் முடிந்து அவளைக் கூட்டிவந்து குடிவைத்தது கம்பெனி டவுன்ஷிப் குவாட்டர்ஸில். முப்பது வருடத்துக்கு மேல் அதே பிளாக், அதே வீடு. வாசலில் மாமரம், பின்னால் பலா, ஊரில் யாருக்கும் இல்லாத அகலத்தில் தோட்டம். ஆனால் ஒரு செங்கல்கூட நம்முடையது இல்லை. ரிடையர் ஆனால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் எல்லாரும் சர்வீஸ் முடிவதற்குள் வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ ஒரு மனை வாங்கிக் கட்டிவிடுவது. நானும் அப்படித்தான் இந்த வடலூர் வீட்டைக் கட்டினேன்.

குவாட்டர்ஸைத் திருப்பிக் கொடுப்பது ஒரு பெரிய வேலை. நாம் போட்ட ஷெட், கட்டிய கொடிக்கயிறு, அடித்த ஆணி, ஒட்டிய ஸ்டிக்கர், எல்லாம் போக வேண்டும். சைக்கிள் நிறுத்த நாமே போட்ட சிமெண்டைக்கூட நாமே உடைத்து அள்ள வேண்டும். பிறகு ஒருவர் பேப்பரோடு வந்து ஃபேன் எத்தனை, குழாய் எத்தனை, கதவுத் தாழ்ப்பாள் விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடிப்பார். பல பேருக்கு அதில் இழுபறி. எனக்கு அரை மணி நேரத்தில் கையெழுத்து கிடைத்தது. வந்தவர் சுவரையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "ஆள் குடியிருந்த மாதிரியே தெரியலையே சார்," என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது. அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

இந்த லட்சணத்தில்தான் மகள் போன் செய்தாள். "அப்பா, விக்கிறதுக்கு முன்னாடி வீட்ட நல்லாத் தயார்படுத்தணும். தேவையில்லாத சாமானை எடுத்துடுங்க, நம்ம போட்டோ எல்லாம் கழட்டி வெச்சிடுங்க. ஒரு வீடியோ அனுப்பறேன், பாருங்க," என்றாள். "எனக்கே சொல்லித்தர்றியா? குவாட்டர்ஸ் ஒப்படைச்சவன் நான்," என்று சொல்லி போனை வைத்தேன். வீடியோவை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருக்க வேண்டும்.

ஆடியில் யாரும் வீடு வாங்க வரமாட்டார்கள். அந்த ஒரு மாதமும் நான் வேலை செய்தேன். முதலில் ஆணிகள். காலண்டர் ஆணி, சாமி பட ஆணி, குவாட்டர்ஸில் இருந்த மாதிரியே இந்த வீட்டிலும் என் பெண்டாட்டி பழக்கத்துக்கு அடித்துவைத்த சின்னச் சின்ன ஆணிகள், எல்லாவற்றையும் பிடுங்கினேன். ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வீடு முழுக்க ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்தேன். ஹாலில் இருந்த ஊஞ்சலைக் கழற்றினேன். பின்கட்டில் கொடிக்கயிறு போனது. வாசல்படியில் வருடக்கணக்காக ஊறியிருந்த கோலக் கறையை ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். சமையலறையில் கரண்டி மாட்டும் கம்பி, ஜாடி வைக்கும் பலகை, படுக்கையறை வாசலில் அவள் உட்கார்ந்து எழுந்திருக்கப் போட்டிருந்த மர நாற்காலி, எல்லாவற்றையும் பெட்டியில் அடங்கியதைப் பெட்டியிலும் மற்றதை அப்படியேயும் பின்னறையில் அடுக்கினேன். ஃப்ரிட்ஜை எதிர்ச் சுவருக்குத் தள்ளினேன், அங்கே வைத்தால் ஹால் பெரிதாகத் தெரிந்தது.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், கீழே விழுந்த ஆணிகளைக் காந்தம் வைத்துப் பொறுக்கினாள். முடித்துவிட்டுப் பார்த்தேன். வீடு பளிச்சென்று இருந்தது. ஆள் குடியிருந்த மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் காலையில் காபி டம்ளரோடு வந்தவள் ஃப்ரிட்ஜில் போய் மோதினாள். நெற்றியில் புடைத்துவிட்டது, காபி சுவரெல்லாம் தெறித்தது. நான் சொன்னது என்ன தெரியுமா? "புதுப் பெயிண்ட்டும்மா, பாத்து வரக் கூடாதா?" என்றேன். பார்த்து வரக் கூடாதா என்று அவளிடம் கேட்கிறேன். கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கு உறைத்தது. அவள், "ஒண்ணுமில்ல, தொடச்சிடறேன்," என்று சொல்லித் துணி எடுக்கப் போனாள். போகும்போது ஒரு கையைச் சுவரோடு வைத்துக்கொண்டே போனாள். அதற்கு முன்னால் அவள் வீட்டுக்குள் அப்படி நடந்ததே இல்லை. அதைப் பார்த்தேன். பார்த்தும், விற்கிற வரைக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது மைன்ஸில் வேலை பார்க்கும் ஒருத்தர். சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "இப்பத்தான் பெயிண்ட் அடிச்சீங்களா, ஓதம் கீதம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்று நான் கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். என்ன செய்ய, என் வாய் அப்படி. அடுத்து வந்த ஒரு ஆசிரியர் குடும்பம், "நீங்க ஏற்கெனவே காலி பண்ணிட்டீங்களா? ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார்கள். பிறகு இன்னொருவர் வந்தார். எல்லாரும், "சொல்லி அனுப்பறோம் சார்," என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. புரட்டாசி போனது, ஐப்பசி மழை வந்தது. மதுரை வீட்டுக்காரர் எங்கள் மகளிடம், "தை வந்தா சரிதானே?" என்று ஞாபகப்படுத்தினார். அந்த மாதம் செக்கப்புக்குப் போனபோது, ஓரம் இன்னும் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள். 

கார்த்திகையில் ஒரு மத்தியானம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எங்கள் வயதுக்கு நாலைந்து வருடம் குறைவாக இருக்கும். வளையமாதேவிப் பக்கம். "எங்க நெலமும் வூடும் மைன்ஸுக்குப் பூடுச்சிங்க. இப்ப வாடகை வூட்ல இருந்துகினு இருக்கோம்," என்றார் அவர். நான் அந்த மைன்ஸில் மண் வெட்டும் மிஷின் ஓட்டியவன். அதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன். அவர் உள்ளே வந்து மேலே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மட்டும் நிலைப்படியைத் தாண்டவே இல்லை.

"உள்ள வந்து பாருங்கம்மா," என்றேன்.

"பாத்துகினுதான் இருக்கேன் சார்," என்றார். பிறகு, "எங்க ஊர்ல மைன்ஸுக்கு எடுக்கப்போற வூடுங்கதான் இப்படி இருக்கும். ஆணி வரைக்கும் புடுங்கிகினு, ஒரு சாமானு இல்லாம. நாங்க வெளிய வந்த அன்னிக்கு எங்க வூடு இப்படித்தான் இருந்துச்சி. மறாநாளு மிஷின் வந்துடுச்சி," என்றார். குரலில் சண்டை இல்லை. "இந்த வூட்டுக்குள்ள என்னால கால் வெக்க முடியாது. வாங்க, போவலாம்," என்று கணவரைக் கூப்பிட்டார்.

 ஒப்படைக்கிற வீடு சுத்தமாக இருக்க வேண்டும், அதுதான் மரியாதை என்று முப்பது வருடம் நம்பியவன் நான். அதே துடைத்த வீட்டுக்குள் இன்னொருத்தரால் கால் வைக்க முடியவில்லை. வந்து போன மற்றவர்களும் இதைத்தான் வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறார்கள். எனக்குத்தான் ஏறவில்லை.

அதற்குள் சமையலறையிலிருந்து என் பெண்டாட்டி வந்தாள். பேச்சைக் கேட்டிருப்பாள் போல. "வாங்கம்மா, மத்தியான வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க," என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமல் உள்ளே கூட்டிப்போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"இந்த ஜன்னல் பக்கம் காலைல நல்ல வெயில் விழும், வடகம் காயப் போடலாம். இதோ இங்க ஊஞ்சல் இருந்துச்சு. அந்த மூலைல மழை வலுத்தா கொஞ்சம் உள்ள அடிக்கும், சாக்கு போட்டு வெப்பேன். பின்னால படி ஒண்ணு மட்டும் ஒசரம், புதுசா வர்றவங்க தடுக்கிக்குவாங்க, பாத்துக்கங்க. மோட்டார் போட்டா சத்தம் இருக்கும்." வீட்டின் குறையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாவோ, "இந்தப் பக்கம் என்னா வெச்சிருந்தீங்க? இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே கூட நடந்தார்.

பின்னறைக்குத் திரும்பும் இடத்தில், காலையில் நான் இழுத்துவைத்த ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அவள் அதில் இடறிச் சரிந்தாள். அந்த அம்மா சட்டென்று தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன்க்கா, கண்ணு தெரியாதா?"

"நேரா தெரியும்மா. பக்கவாட்டுல தெரியாது. சாமான் இருந்த எடத்துல இருந்தா நடந்துடுவேன். இவரு எல்லாத்தையும் எடுத்துட்டாரு," என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "ஏன் சார், இவங்கள வெச்சிகினு வூட்ட இப்படியா பண்ணுவீங்க?"

தரகர் அவளைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைக்கச் சொன்னார் என்று அவர் மேல் பாய்ந்தேனே. நான் செய்தது என்ன? அவளை அவள் வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் ஆக்கிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. "தப்புதாங்க," என்றேன். அதுதான் அப்போது வாயில் வந்தது.

அவர் கணவர் பேச்சை மாற்ற, "நீங்க எந்தக் கம்பெனில வேல பாத்தீங்க சார்?" என்று கேட்டார். மைன்ஸ் என்றேன். மிஷின் ஓட்டினேன் என்றும் சொல்லிவிட்டேன்.  "அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க, அது உங்க சோறு," என்றார் அவர். அந்த அம்மா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "சாமானெல்லாம் எடுத்த எடத்துலயே வெய்யிங்க சார். வெச்சிட்டுக் கூப்புடுங்க. வந்து பாக்கறோம்," என்றார்.

அவர்கள் போனதும் பெட்டிகளைப் பிரித்தேன். அவள் ஹாலின் நடுவில் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல வைத்தேன். ஃப்ரிட்ஜைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். நாற்காலியைப் படுக்கையறை வாசலில் போட்டேன், ஊஞ்சலை மாட்டினேன், கொடிக்கயிற்றைக் கட்டினேன். ஆணி அடிக்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, எனக்கே இடம் தெரியாத சுவரில், அவள் விரலை வைத்து, "இங்க," என்றாள். அடித்தால் ஆணி பழைய ஓட்டைக்குள்ளேயே இறங்கியது. ஒவ்வொன்றும் அப்படித்தான். நாலாவது ஆணியில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். "இப்ப அழுது என்ன ஆகப்போகுது, சாமி படம் பாக்கி இருக்கு, எந்திரிங்க," என்றாள்.

சாயங்காலம் வாசலில் கோலம் போட்டாள். மறுநாள் ஈரத் துணியைக் கொடியில் உலர்த்தினாள். வீடு பழையபடி அடைசலாக ஆனது. ஒரு கையில் முறத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வீசிக்கொண்டு, சுவரைத் தொடாமல் அவள் பின்கட்டுக்குப் போனாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர்கள் இரண்டாம் முறை வந்தபோது அந்த அம்மா நேராக உள்ளே வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் மகள் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். விலை பேச அவருடைய கணவருக்கும் எனக்கும் அதிக நேரம் ஆகவில்லை. எழுந்திருக்கும்போது அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "போவும்போது எதயும் கழட்டிகினு போவாதீங்க. ஆணி, பலவ, கயிறு, எல்லாம் அப்படியே இருக்கட்டும். நாங்க எங்க வூட்லேர்ந்து கதவக்கூட கழட்டிகினு வந்தவங்க. இன்னொரு தடவ காலி வூட்ட என்னால பாக்க முடியாது." என் பெண்டாட்டி சரி என்றாள். அவர்கள் போனதும், கேட்டில் நான் கட்டியிருந்த பலகையை மட்டும் அவிழ்த்தேன்.

தை முடிவதற்குள் பத்திரம் முடிந்தது. மதுரை வீட்டுக்காரர் சொன்ன சொல் மாறவில்லை. மாசியில் சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். மகள் சாவியோடு தெருமுனையில் நின்றாள். கேட்டைத் திறந்துவிட்டு, டிரைவரிடம் பேச அவள் லாரிப் பக்கம் போனாள். நாங்கள் வாசலுக்கு முன்னால் நின்றோம்.

என் பெண்டாட்டி அசையாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை லேசாக இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"ஆனி மாசம் இதே எடத்துல நின்னப்போ, கதவும் ரெண்டு பக்கத்து ஜன்னலும் ஒண்ணாத் தெரிஞ்சுதுங்க," என்றாள். "இப்ப கதவு மட்டுந்தான் தெரியுது."

நான் துடைத்து வைக்காமல் இருந்திருந்தால், ஆவணியில் வந்தவர்களுக்கே வடலூர் வீடு போயிருக்கும். போயிருந்தால் ஐப்பசிக்குள் இங்கே வந்திருப்போம். அந்த மாதங்களை நான்தான் பட்டி வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துத் தீர்த்தேன்.

"என்னாலதான்," என்றேன்.

"ஆமா," என்றாள்.

சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். படியேற நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"பிடிக்காதீங்க. இன்னும் கொஞ்சம் கண்ணு இருக்கு. நீங்க முன்னால போங்க, நான் பாத்துக்கிட்டே வர்றேன். முதல்ல அடுப்படி."

நான் முன்னால் போனேன்.